அடுக்குமாடி வீட்டின் லீஸை நீட்டிப்பது எப்படி? இங்கிலாந்து, வேல்ஸ் வீட்டு உரிமையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு வாங்கியவர்களில் பெரும்பாலோர் வாங்கியிருப்பது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான லீஸை மட்டுமே. லண்டனில் தமிழர்கள் அதிகமாக வாழும் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், இல்ஃபர்ட் பகுதிகளிலும் இதே நிலைதான். இருபத்தைந்து ஆண்டுகள் கடனைக் கட்டி முடித்து, வீடு இனி நம்முடையது என்று நிம்மதியடைந்த பிறகு, விற்கப் போகும்போதுதான் லீஸில் போதிய ஆண்டுகள் இல்லை என்பதை அறிந்து திகைத்து நிற்கும் குடும்பங்கள் பல உள்ளன. அந்தத் திகைப்பு முன்கூட்டியே தவிர்க்கக்கூடியது. இங்கே உள்ள பதில்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு.

லீஸ் முடிந்துவிட்டால் வீடு என்ன ஆகும்?

கட்டடமும் அது நிற்கும் நிலமும் ஃப்ரீஹோல்டர் எனப்படும் முழு உரிமையாளருக்குச் சொந்தமானவை. நீங்கள் கொடுத்த விலைக்குக் கிடைத்தது, அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதியில் 99 ஆண்டுகளோ 125 ஆண்டுகளோ வாழ்வதற்கும், அந்த உரிமையை விற்பதற்கும் உயில் எழுதுவதற்குமான உரிமையாகும். ஆண்டுகள் முடிந்ததும் வீடு ஃப்ரீஹோல்டருக்குத் திரும்பிவிடும். அதே வீட்டில் குடியிருப்பவர்களுக்கு, சந்தை வாடகை கொடுத்துத் தொடர்ந்து வாழும் பாதுகாப்பைச் சில சூழ்நிலைகளில் சட்டம் அளிக்கிறது. ஆனால் அப்போது அவர்கள் வாடகைக்குடிகளே. வீட்டின் பெறுமதி அவர்கள் கையில் இராது.

நடைமுறையில் லீஸ் முற்றாக முடியும்வரை காத்திருந்து இழப்பவர்கள் மிகச் சிலரே. தொல்லை அதற்கு வெகு முன்னதாகவே தொடங்குகிறது. ஆண்டுகள் குறையக் குறைய அடமானக் கடன் கொடுக்கும் வங்கிகள் தயங்குகின்றன; 70 ஆண்டுகளுக்குக் கீழே வந்துவிட்டால் பல வங்கிகள் மறுத்தே விடுகின்றன. கடன் கிடைக்காத வீட்டை ரொக்கப் பணம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும் என்பதால் அவர் கேட்கும் விலைக்கே கொடுக்க நேரிடுகிறது.

என் லீஸில் எத்தனை ஆண்டுகள் மீதமிருக்கின்றன என்பதை எப்படி அறிவது?

நில உரிமைப் பதிவேட்டைப் பராமரிக்கும் ஹெச்.எம். லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் சிறு கட்டணம் செலுத்தி உங்கள் வீட்டின் பதிவேட்டுப் பிரதியைப் பெறலாம். அதில் லீஸ் எந்த நாளிலிருந்து எத்தனை ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது என்பது குறிக்கப்பட்டிருக்கும். கவனிக்க வேண்டியது நீங்கள் வீடு வாங்கிய தேதியை அல்ல, லீஸ் தொடங்கிய தேதியை. 2005இல் நீங்கள் வாங்கிய வீட்டின் லீஸ் 1988இல் 99 ஆண்டுகளுக்குத் தொடங்கியிருந்தால், அது 2087இல் முடிகிறது. 2026இல் அதில் எஞ்சியிருப்பது சுமார் 61 ஆண்டுகள்தான்.

உள்ளாட்சி மன்றத்தின் வீடுகளை, குடியிருந்தவர்களே வாங்கிக்கொள்ளும் ரைட் டு பை திட்டத்தின்கீழ் வாங்கியவர்களும், அவர்களிடமிருந்து பின்னர் வாங்கியவர்களும் இதைக் கூடுதல் அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 1980ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தோடு தொடங்கிய அத்திட்டத்தில் வழக்கமான லீஸ் 125 ஆண்டுகள். 125 என்ற எண் பெரிதாகத் தோன்றுவதால் பலர் அதைப் பற்றிச் சிந்திப்பதில்லை. ஆனால் 1982இல் தொடங்கிய 125 ஆண்டு லீஸ் 2107இல் முடிகிறது; 2027ஆம் ஆண்டிலேயே அது 80 ஆண்டுகளுக்குக் குறுகிவிடும். மேலும், ஒரே கட்டடத்தில் முதலில் விற்கப்பட்ட வீட்டின் லீஸ் முடியும் நாளிலேயே பிற்பாடு விற்கப்படும் வீடுகளின் லீஸும் முடியுமாறு அமைக்கச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. எனவே 1999இல் வாங்கிய வீட்டிலும் 1982ஆம் ஆண்டுக் கணக்கு இருக்கக்கூடும்.

எல்லோரும் 80 ஆண்டு என்ற எல்லையைப் பற்றியே பேசுவது ஏன்?

லீஸ் நீட்டிப்புக்கான விலையில் மேரேஜ் வேல்யூ என்று ஒரு பகுதி உண்டு. குறுகிய லீஸ் உள்ள வீட்டுக்குச் சந்தையில் விலை குறைவு. அதே வீட்டின் லீஸை நீட்டித்தவுடன் விலை உயர்கிறது. உங்களுடைய உரிமையும் ஃப்ரீஹோல்டருடைய உரிமையும் தனித்தனியே இருக்கும்போது உள்ள மொத்த மதிப்பைக் காட்டிலும், நீட்டிப்புக்குப் பின் உண்டாகும் மொத்த மதிப்பு அதிகம் என்பதால், அந்த உபரியில் சரிபாதியை ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆனால் நீட்டிப்பைக் கோரி ஃப்ரீஹோல்டருக்கு அறிவிப்பு கொடுக்கும் நாளில் லீஸில் 80 ஆண்டுகளுக்கு மேல் மீதமிருந்தால் இந்த உபரி பூஜ்ஜியமாகக் கொள்ளப்படும். இந்த விலக்கைக் கொண்டுவந்தது 2002ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம்.

சரியாக 80 ஆண்டுகள் மீதமிருந்தாலும் விலக்கு கிடையாது. ஒரு நாளாவது கூடுதலாக இருக்க வேண்டும். பேச்சுவார்த்தை முடியும் நாளோ பணம் கட்டும் நாளோ இங்கே கணக்கில் வராது. முறையான அறிவிப்பு ஃப்ரீஹோல்டருக்குக் கொடுக்கப்பட்ட நாள்தான் மதிப்பீட்டு நாள். எனவே 80 ஆண்டுகளும் இரண்டு வாரங்களும் மீதமிருக்கும் ஒருவர் அந்த இரண்டு வாரங்களுக்குள் அறிவிப்பைக் கொடுத்துவிட்டால், மற்றவை எல்லாம் முடிய ஓராண்டு ஆனாலும் அவருக்கு இழப்பில்லை.

எவ்வளவு செலவாகும்? கணக்கை விளக்க முடியுமா?

விலை மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவது, லீஸ்படி ஆண்டுதோறும் ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் தரை வாடகையை அவர் இனிமேல் இழக்கப்போவதன் இன்றைய மதிப்பு. இரண்டாவது, லீஸ் முடியும்போது அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டிய வீடு, சட்ட வழி நீட்டிப்பில் லீஸோடு சேரும் 90 ஆண்டுகள் அளவுக்குத் தள்ளிப்போவதால் ஏற்படும் இழப்பின் இன்றைய மதிப்பு. இதைக் கணக்கிட அடுக்குமாடி வீடுகளுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வீதம் பொதுவாகப் பயன்படுத்தப்படுகிறது. 2006இல் ஸ்போர்டெல்லி வழக்கில் நிலத் தீர்ப்பாயம் வகுத்த வீதம் அது. மூன்றாவது, 80 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் சேரும் மேரேஜ் வேல்யூவின் பாதி.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நீண்ட லீஸ் இருந்தால் 3,00,000 பவுண்டு பெறும் ஒரு வீடு; ஆண்டுத் தரை வாடகை 100 பவுண்டு; அதை 6 சதவீத வீதத்தில் கணக்கிடுவோம். லீஸில் 81 ஆண்டுகள் மீதமிருக்கும்போது தரை வாடகைக்காக ஏறத்தாழ 1,650 பவுண்டும், வீடு திரும்புவது தள்ளிப்போவதற்காக ஏறத்தாழ 5,700 பவுண்டும் ஆக மொத்தம் 7,350 பவுண்டு அளவில் விலை அமையும். அதே வீட்டுக்கு 79 ஆண்டுகள்தான் இருக்கின்றன என்றும், அந்நிலையில் அதன் சந்தை மதிப்பு 2,79,000 பவுண்டு என்றும் வைத்துக்கொண்டால், மேரேஜ் வேல்யூவின் பாதியாக மட்டும் 6,500 பவுண்டு அளவில் சேர்ந்து, மொத்தம் ஏறத்தாழ 14,450 பவுண்டு ஆகிவிடுகிறது. இரண்டே ஆண்டுகளில் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 70 ஆண்டுகளாகக் குறைந்து, அப்போதைய மதிப்பு 2,64,000 பவுண்டு என்று கொண்டால் விலை ஏறத்தாழ 23,700 பவுண்டைத் தொடுகிறது.

இவை முறையை விளக்குவதற்காகச் சுருக்கிப் போட்ட கணக்குகள். உண்மையில் தகராறு எழுவது பெரும்பாலும் குறுகிய லீஸுள்ள வீட்டின் மதிப்பு என்ன என்பதில்தான். அதற்காக மதிப்பீட்டாளர்கள், எஞ்சிய ஆண்டுகள் குறையும்போது மதிப்பு எவ்வளவு குறைகிறது என்பதைக் காட்டும் சில வரைபடங்களைப் பயன்படுத்துகிறார்கள்; எந்த வரைபடத்தை ஏற்பது என்பதுவரை வழக்குகள் மேல் தீர்ப்பாயத்துக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் சென்றிருக்கின்றன. ஆகவே இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்களைத் தோராயமான வீச்சை அறிவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். உங்களுடைய செலவில் செய்த மேம்பாடுகளால் கூடிய மதிப்பு கணக்கில் சேர்க்கப்படக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டின் உள்ளமைப்பை மாற்றிக் குளியலறை ஒன்றைக் கூடுதலாகக் கட்டியிருந்தால், அதற்கான ரசீதுகளையும் படங்களையும் மதிப்பீட்டாளரிடம் கொடுப்பது பயன் தரும்.

நீட்டிப்பைக் கோரும் உரிமை யாருக்கு உண்டு?

1993ஆம் ஆண்டின் லீஸ்ஹோல்ட் சீர்திருத்தம், வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுச் சட்டம் இந்த உரிமையை அளிக்கிறது. லீஸ் முதன்முதலில் வழங்கப்பட்டபோது 21 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருந்திருக்க வேண்டும். எஞ்சிய ஆண்டுகளோடு மேலும் 90 ஆண்டுகள் சேரும். தரை வாடகை முற்றாக நீங்கும். முன்பு வீட்டை வாங்கி 2 ஆண்டுகள் காத்திருந்த பிறகே கோர முடியும் என்ற நிபந்தனை இருந்தது. 2025 ஜனவரி 31 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் பல பழைய கட்டுரைகளும், சில நண்பர்களின் ஆலோசனைகளும் அந்த 2 ஆண்டு நிபந்தனையையே சொல்லிக்கொண்டிருக்கின்றன; அவற்றை நம்பிக் காலத்தை இழக்க வேண்டாம்.

அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாடகைக்கு விட்டிருப்பவரும் கோரலாம். ஃப்ரீஹோல்டர் உள்ளாட்சி மன்றமாக இருந்தாலும் உரிமை உண்டு. பங்குமுறையில் வீட்டின் ஒரு பகுதியை மட்டும் வாங்கி, மீதிக்கு வாடகை கட்டுபவர்களின் நிலை சிக்கலானது. அவர்கள் தங்கள் வீட்டுவசதிச் சங்கம் தன்னிச்சையாக வழங்கும் நீட்டிப்பின் விதிகளை எழுத்தில் பெற்று, சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ஃப்ரீஹோல்டர் நேரடியாகவே நீட்டித்துத் தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

சட்ட வழியில் போகாமல் இருவரும் பேசி முடித்துக்கொள்வதற்குத் தடையில்லை. சில நேரங்களில் அது விரைவாகவும் மலிவாகவும் முடியும். ஆனால் கடிதத்தில் எழுதியிருக்கும் விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவது ஆபத்தானது. 90 ஆண்டுகளைச் சேர்க்கிறார்களா, அல்லது மொத்தத்தை 99 ஆண்டுகளாக்கி வெறும் இருபது முப்பது ஆண்டுகளை மட்டும் கூட்டுகிறார்களா என்று பாருங்கள். இருபது ஆண்டுகளில் மீண்டும் இதே வாசலில் வந்து நிற்க வேண்டியிருந்தால் அது மலிவான பேரம் அல்ல.

தரை வாடகையையும் கவனிக்க வேண்டும். 2022 ஜூன் 30 முதல் நடைமுறையில் உள்ள தரை வாடகைச் சட்டத்தின்படி, பேசி முடிக்கும் நீட்டிப்பில் புதிதாகச் சேரும் ஆண்டுகளுக்குத் தரை வாடகை விதிக்க முடியாது. ஆனால் பழைய லீஸில் எஞ்சியிருந்த ஆண்டுகளுக்குப் பழைய வாடகையே தொடரலாம். அது பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் வகையைச் சேர்ந்ததாக இருந்தால் விற்கும்போது அதுவே பெரும் இடையூறாகும். சட்ட வழி நீட்டிப்பிலோ கையெழுத்திட்ட நாளிலிருந்தே தரை வாடகை இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது கடிகாரம் நிற்பதில்லை. பதில் கடிதம் வரட்டும், மேலாளர் விடுமுறையிலிருந்து திரும்பட்டும் என்று மாதங்கள் கழிந்து, அதற்கிடையில் லீஸ் 80 ஆண்டுக் கோட்டைக் கடந்துவிட்டால் அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் முதலில் முறையான அறிவிப்பைக் கொடுத்துவிட்டு, அதன்பின் பேசுவதே அறிவுடைமை.

சட்ட வழி நீட்டிப்பு எந்தப் படிகளில் நடக்கிறது?

முதலில் இத்துறையில் அனுபவமுள்ள மதிப்பீட்டாளரை வைத்து விலையை மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். பிறகு சொலிசிட்டர் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பைத் தயாரிப்பார். நீங்கள் கொடுக்க முன்வரும் தொகையை அதில் குறிப்பிட வேண்டும். பேரத்துக்காகக் குறைத்துச் சொல்வது இயல்பு; ஆனால் நம்பத்தகாத தொகையைச் சொன்னால் அறிவிப்பே செல்லாததாகிவிடும். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் வெறும் 100 பவுண்டு என்று எழுதியிருந்த அறிவிப்பு அப்படித்தான் செல்லாமற்போனது.

அறிவிப்பு கிடைத்ததும் ஃப்ரீஹோல்டர் முன்பணம் கேட்கலாம். நீங்கள் குறிப்பிட்ட தொகையில் 10 சதவீதம் அல்லது 250 பவுண்டு, இவற்றுள் எது அதிகமோ அது. வீட்டைப் பார்வையிட மதிப்பீட்டாளரை அனுப்பவும் அவருக்கு உரிமை உண்டு. எதிர் அறிவிப்பைக் கொடுக்க அவருக்குக் குறைந்தது 2 மாத அவகாசம் அளிக்க வேண்டும். அதற்கான கடைசி நாளை உங்கள் அறிவிப்பே குறிப்பிடும். அந்த நாளுக்குள் அவர் பதில் கொடுக்கத் தவறினால், நீங்கள் முன்வைத்த நிபந்தனைகளின்படியே புதிய லீஸை வழங்குமாறு கவுண்டி நீதிமன்றத்தை நீங்கள் 6 மாதங்களுக்குள் அணுகலாம்.

எதிர் அறிவிப்பு வந்துவிட்டால் விலைப் பேச்சு தொடங்கும். பெரும்பாலும் இரு தரப்பு மதிப்பீட்டாளர்களும் பேசி நடுவில் ஓர் இடத்தில் ஒத்துப்போவார்கள். ஒத்துப்போகாவிட்டால், எதிர் அறிவிப்பு வந்து 2 மாதங்கள் கழிந்த பிறகு, ஆனால் 6 மாதங்கள் முடிவதற்குள், தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இங்கிலாந்தில் அது முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவு. வேல்ஸில் லீஸ்ஹோல்ட் மதிப்பீட்டுத் தீர்ப்பாயம். இந்த 6 மாதக் கெடுவைத் தவறவிட்டால் உங்கள் கோரிக்கை திரும்பப் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும். மறு அறிவிப்புக் கொடுக்க 12 மாதங்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் மதிப்பீட்டு நாளும் கைநழுவிப் போயிருக்கும். 80க்கு மேல் இருந்தபோது கொடுத்த அறிவிப்பை இப்படி இழந்து, 79இல் புதிதாகத் தொடங்குவதைவிட வேதனையானது வேறில்லை. சொலிசிட்டர் பார்த்துக்கொள்வார் என்று முழுவதுமாக விட்டுவிடாமல், அந்தக் கடைசி நாளை உங்கள் நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள்.

விலை முடிவான பின்னும் ஒப்பந்தத்தை முடிக்க 2 மாதங்களும், அதற்குள் முடியாவிட்டால் நீதிமன்றத்தை அணுக மேலும் 2 மாதங்களும் என்று கெடுக்கள் உண்டு.

விலையைத் தவிர வேறு என்னென்ன கட்ட வேண்டும்?

உங்கள் சொலிசிட்டர், மதிப்பீட்டாளர் ஆகியோரின் கட்டணத்தோடு, ஃப்ரீஹோல்டரின் சட்டச் செலவையும் மதிப்பீட்டுச் செலவையும் நியாயமான அளவில் நீங்களே ஏற்க வேண்டும். தீர்ப்பாயத்தில் வாதாட அவருக்கு ஆகும் செலவு இதில் சேராது. அவர் அனுப்பும் கட்டணப் பட்டியல் மிகையாகத் தோன்றினால், நியாயமான தொகை எது என்பதையும் தீர்ப்பாயத்திடம் கேட்கலாம். கேட்கத் தயங்க வேண்டாம். அது உங்களுக்குள்ள உரிமை.

2024இல் வந்த புதிய சட்டம் நீட்டிப்பை மலிவாக்கும் என்கிறார்களே, அதுவரை காத்திருக்கலாமா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்ல முடியாத கேள்வியும் இதுதான்.

லீஸ்ஹோல்ட், ஃப்ரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் 2024 மே 24இல் மன்னரின் ஒப்புதலைப் பெற்றது. அதன்படி 90 ஆண்டுகளுக்குப் பதிலாக 990 ஆண்டுகள் நீட்டிப்புக் கிடைக்கும். மேரேஜ் வேல்யூ ஒழியும். விலைக் கணக்கில் தரை வாடகை, வீட்டு மதிப்பின் 0.1 சதவீதத்துக்கு மேல் கொள்ளப்படாது. ஃப்ரீஹோல்டரின் செலவை நீங்கள் ஏற்கும் வழக்கமும் பெருமளவு மறையும். ஆனால் இவை நடைமுறைக்கு வரத் துணை விதிகளும், விலைக் கணக்குக்கான வீதங்களை அரசு நிர்ணயிப்பதும் தேவை. இதை எழுதும்போது இந்த முக்கியப் பகுதிகள் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஃப்ரீஹோல்டர்கள் சிலர் இச்சட்டம் தங்கள் சொத்துரிமையைப் பறிக்கிறது என்று தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. அது லீஸ்காரர்களுக்கு நல்ல செய்திதான்; ஆனால் எப்போது நடைமுறைக்கு வரும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

என் கணிப்பு இது. லீஸில் 90 ஆண்டுகளுக்கு மேல் இருந்து, விற்கும் எண்ணமும் இல்லாதவர் காத்திருப்பதால் பெரிய இழப்பில்லை. 80க்கும் 83க்கும் இடையில் இருப்பவர் காத்திருப்பது சூதாட்டத்துக்கு ஒப்பானது. இன்று சில ஆயிரம் பவுண்டில் முடியக்கூடியதை, வரும் என்று சொல்லப்படும் சட்டத்தை நம்பி இரட்டிப்பாக்கிக்கொள்ளும் ஆபத்து அதில் இருக்கிறது. 80க்குக் கீழே ஏற்கெனவே வந்துவிட்டவருக்கு மேரேஜ் வேல்யூ ஒழிவதால் கிடைக்கக்கூடிய ஆதாயம் பெரிது. அவசரமில்லாதவர் காத்திருப்பதில் பொருள் உண்டு. ஆனால் அவரும் அடமானக் கடனைப் புதுப்பிக்க வேண்டிய நாள் எப்போது, ஓய்வுபெறும்போது விற்க நினைக்கிறாரா, தமக்கு ஏதேனும் நேர்ந்தால் குடும்பம் விற்க நேருமா என்பவற்றை முன்வைத்தே முடிவெடுக்க வேண்டும். விற்றே தீர வேண்டியவருக்குக் காத்திருப்பு என்ற தேர்வே இல்லை.

வீட்டை விற்கப் போகிறேன். நீட்டித்துவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா?

நேரமும் பணமும் இருந்தால் நீட்டித்துவிட்டு விற்பது எளிது. இரண்டும் இல்லாவிட்டால், நீங்கள் அறிவிப்பை மட்டும் கொடுத்து, அதன் பலனை வீட்டோடு சேர்த்து வாங்குபவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். 2 ஆண்டு நிபந்தனை போய்விட்டதால் வாங்குபவர் தாமே உடனே கோரலாமே என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் வாங்கியவரின் பெயர் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவான பிறகே அவர் சட்டப்படியான உரிமையாளர் ஆகிறார். அந்தப் பதிவுக்கு மாதக்கணக்கில் ஆகக்கூடும். லீஸ் 80 ஆண்டுகளும் சில மாதங்களுமாக இருக்கும்போது அந்த இடைவெளியே எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அத்தகைய நிலையில், விற்பவர் அறிவிப்புக் கொடுத்து மாற்றித் தரும் பழைய வழியே இன்றும் பாதுகாப்பானது. வீட்டை மாற்றும் அதே நேரத்தில் அறிவிப்பின் பலனும் மாற்றப்பட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அறிவிப்பு வீணாகிவிடும்.

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். வீடு காலமான அப்பாவின் பெயரில் இருக்கிறது. என்ன செய்வது?

வெளிநாட்டில் வாழ்வது தடையல்ல. இங்கிலாந்தில் உள்ள வீடுகளுக்கு, அறிவிப்பில் லீஸ் வைத்திருப்பவரே கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிவிட்டது. அவர் சார்பில் சொலிசிட்டர் கையெழுத்திடலாம். காலமானவரின் பெயரில் வீடு இருந்தால், முதலில் அவரது சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தை, அதாவது புரோபேட்டையோ அதற்கு இணையான நீதிமன்ற ஆணையையோ, பெற வேண்டும். சகோதரர்களுக்குள் யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பங்கு பிரிப்பது பின்னால் நடக்கட்டும். நிர்வாக அதிகாரத்தைப் பெற்று அறிவிப்பைக் கொடுப்பது எல்லாப் பங்காளிகளுக்கும் நன்மை.

ஃப்ரீஹோல்டர் யார் என்றே தெரியவில்லை, அல்லது அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. அப்போது?

ஃப்ரீஹோல்டரின் பெயரும் பெரும்பாலும் பதிவேட்டில் இருக்கும். தேடியும் அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அவர் சார்பில் புதிய லீஸை வழங்குமாறு கவுண்டி நீதிமன்றத்திடம் கேட்கலாம். விலையைத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும். பணத்தை நீதிமன்றத்தில் செலுத்த வேண்டும். காலம் பிடிக்கும் வழி, ஆனால் திறந்திருக்கும் வழி.

கட்டடத்தில் உள்ள எல்லோரும் சேர்ந்து ஃப்ரீஹோல்டையே வாங்கினால் நல்லதல்லவா?

நல்லதுதான், அண்டை வீட்டாரோடு ஒத்துப்போக முடிந்தால். குறைந்தது பாதி வீடுகளின் உரிமையாளர்கள் சேர வேண்டும். வாங்கிய பின் தங்களுக்குத் தாங்களே 999 ஆண்டு லீஸ் வழங்கிக்கொள்ளலாம்; கட்டடப் பராமரிப்பும் தங்கள் கைக்கு வரும். ஆனால் பலரை ஒன்றுசேர்க்கவே ஓராண்டு போய்விடக்கூடும். உங்கள் லீஸ் 80க்கு அருகில் இருந்தால் அந்தக் கூட்டு முயற்சிக்காக உங்கள் தனி அறிவிப்பை நிறுத்தி வைக்காதீர்கள்.

இலவசமாக ஆலோசனை எங்கே கிடைக்கும்?

அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் என்ற அமைப்பு பொதுவான ஆலோசனையை இலவசமாக வழங்குகிறது. அதன் இணையதளத்தில் விலைக் கணிப்பானும் உண்டு. சொலிசிட்டரையும் மதிப்பீட்டாளரையும் தேர்ந்தெடுக்கும்போது, வீடு வாங்க உதவியவர், தெரிந்தவர், தமிழ் பேசுபவர் என்பவை மட்டும் போதா. கெடுக்கள் நிறைந்த இந்தத் துறையில் அவர் ஓராண்டில் எத்தனை 42ஆம் பிரிவு அறிவிப்புகளைக் கையாளுகிறார் என்று நேரடியாகக் கேளுங்கள். மதிப்பீட்டாளர், சொத்து மதிப்பீட்டாளர்களின் தொழில்முறை அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ். உறுப்பினராகவும், உங்கள் பகுதியின் விலைகளை அறிந்தவராகவும் இருக்க வேண்டும்.

புதிய லீஸில் கையெழுத்தானதும் வேலை முடிந்துவிட்டதா?

இல்லை. புதிய லீஸை லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவு செய்ய வேண்டும். அடமானக் கடன் இருந்தால் அது புதிய லீஸின்மீது தொடரும். பதிவானதும் வங்கிக்கு முறையாகத் தெரிவிக்க வேண்டும். இவற்றைச் சொலிசிட்டரே செய்வார் என்றாலும், பதிவு முடிந்தபின் பதிவேட்டுப் பிரதியை மீண்டும் ஒருமுறை வாங்கி, ஆண்டுகள் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, தரை வாடகை நீங்கியிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். அதன் பின்னரும் தரை வாடகை கேட்டுக் கடிதம் வந்தால், அதைச் செலுத்தாமல், புதிய லீஸின் பிரதியை இணைத்துப் பதில் அனுப்புங்கள். பராமரிப்புக் கட்டணம் மட்டும் முன்போலவே தொடரும்.